சாவண்டலையில் இரண்டு மட்காட்

சைக்கிளின் பின் மட்காட் கழன்று விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துப் பக்கத்தில் வந்து, "தம்பி, உங்கட தகரம் ஒண்டு ரோட்டில கிடக்கு" என்று சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். திருகோணமலை உட்துறைமுக வீதியில் நடு றோட்டில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் பச்சைப் பெயின்ற் நன்றாகத்தான் இருந்தது. புரட்டினேன். உள்பக்கம் முழுக்கத் துருப் பொருக்கு. விரலால் தட்டினாலே உதிர்ந்தது.

தகர மட்காட்டின் இரண்டு விளிம்பையும் உள்நோக்கிச் சுருட்டி மடித்திருப்பார்கள். அது பலத்துக்கு. ஆனால் ரயர் வாரி எறிகிற மணலும் தண்ணீரும் அந்தச் சுருட்டுக்குள்தான் போய்த் தங்கும். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு வைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீர் ஊறிய மணலைத் தகரத்துக்குள் பூட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்? கம்பியைப் பிடித்திருந்த றிவெற்றைச் சுற்றி முதலில் ஓட்டை விழுந்திருக்கிறது. பிறகு ஓட்டை பெரிதாகி, றிவெற் மட்டும் கம்பியோடு நிற்க, தகரம் தன்பாட்டில் இறங்கிவிட்டது. முன் மட்காட்டையும் அன்றே கழற்றிப் பார்த்தேன். அதுவும் இதே கதைதான், இன்னும் விழவில்லை, அவ்வளவுதான்.

சைக்கிள் அப்பாவுடையது. கம்பிப் பிறேக், 26 x 1 3/8 சக்கரம், கனமான கரியர். பல வருடம் கொட்டிலுக்குள் விறகோடு கிடந்ததை 2022 இல் வெளியே எடுத்தேன். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. நாடு முழுக்கப் பழைய சைக்கிள்கள் கொட்டிலை விட்டு வெளியே வந்தன. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் நான் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பவில்லை. ஆக, மட்காட் இல்லாமல் ஒரு மாரியைக் கழிக்க முடியாது. கடைகளில் கிடைத்தது மலைச் சைக்கிளுக்குக் கொழுவுகிற பிளாஸ்டிக் துண்டுகள். நீண்ட, ஒழுங்கான வளைவுள்ள தகர மட்காட் ஒரு கடையில் இருந்தது, 28 அங்குலச் சக்கரத்துக்கானது. என் சக்கரத்தில் வைத்தால் குடை மாதிரி நின்றது.

மரத்தில் செய்யலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வெளிநாட்டில் சிலர் செய்து பூட்டிய படங்களை முன்பே பார்த்திருந்தேன். 1817 இல் ஜேர்மனியில் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய பெடல் இல்லாத முதல் வண்டியில் சக்கரமே மரம்தான். அதனால் மரமும் சைக்கிளும் ஒட்டாத சாதி ஒன்றும் இல்லை. கையில் ஆடி மாதம், வளவுக்குள் ஒரு பழைய யன்னல் நிலை. இவை இரண்டும்தான் உண்மையான காரணம்.

அந்த நிலை அம்மம்மா வீட்டை இடித்தபோது மிஞ்சியது. சுமார் 4 அடி நீளம், கறுத்துப்போய், ஆணி ஆணியாக. தூக்கினால்தான் தெரியும் என்ன கனம் என்று. அதைச் சாவண்டலை என்று அம்மா சொன்னார். மரக்காலைகளில் ஹல்மில்ல என்று கேட்டால்தான் சட்டென்று விளங்கும். சிங்களப் பெயர் எல்லார் வாயிலும் ஊறிவிட்டது. ஆனால் இந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர் என்ன தெரியுமா? ட்றிங்கோமலி வூட். திருகோணமலை மரம். எங்கள் துறைமுகத்தால் வெளியே போனதால் எங்கள் ஊர்ப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. மெட்ராஸ் கரையில் துறைமுகம் இல்லாத காலத்தில், அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளும் சாமானும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் போயிருக்கிறது. சாராயம் பழுக்க வைக்கிற பெரிய பீப்பாய்களும் ஹல்மில்லவில்தான். படகும் பீப்பாயும் வளைத்துச் செய்கிற சாமான்கள். இரண்டும் தண்ணீரோடேயே கிடப்பவை. மட்காட்டுக்கு இதைவிட வேறென்ன சிபாரிசு வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், ஆனால் அது சரி என்று தெரிய மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது.

நிலையைக் கரியரில் கட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஓடாவியார் ஒருவர் இருக்கிறார். தளபாடமும் செய்வார், தோணியும் திருத்துவார். சீனன்குடா தாண்டிப் போகிற அந்த றோட்டில் மட்காட் இல்லாத சைக்கிளும் நான்கடி மரமுமாக நான் போன கோலத்தைப் பார்த்து யாரோ சிரித்தது ஞாபகம் இருக்கிறது. முன்பு 'பாதை' என்கிற கடவைப் படகில் ஏறித்தான் கிண்ணியா போக வேண்டும். 2009 இல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அதன் நடுவில் கச்சான் காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. மரம் நீட்டிக்கொண்டிருந்ததால் இறங்கி உருட்டினேன்.

"மரத்தால மட்காட்டா? மழைக்கு என்ன செய்யப்போறீங்க தம்பி?"

"அதுக்குத்தானே நானா மட்காட்."

அவர் சிரிக்கவில்லை. நூலில் கட்டிய ஒரு காந்தத்தை எடுத்து நிலையின் நான்கு பக்கமும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். காந்தம் ஒட்டிய இடங்களில் எல்லாம் சோக்கால் ஒரு வட்டம். ஆறு இடம். தலை உடைந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணிகள். ஒரு ஆணி போதுமாம், வட்ட வாளின் பல்லைத் தின்ன. எல்லாவற்றையும் தோண்டி எடுத்த பிறகுதான் வாள் பக்கம் போனார்.

அதற்கு முன்னும் ஒரு வேலை செய்தார். இதைப் பார்த்திராவிட்டால் நான் இன்னும் மரத்தை உடைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். நிலையின் அந்தத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டி, விரல் நீளத்துக்கு ஒரு சிராயைப் பிளந்து எடுத்தார். பிளவு நேராகப் போகவில்லை. மெல்ல ஒரு பக்கம் சரிந்து போனது. "இதுதான் மரத்திட கோடு. நீங்க கீறுற கோடு இல்ல" என்றார். பிளவின் சரிவைப் பென்சிலால் மரத்தின் நீளத்துக்கு நீட்டி, அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாகவே கீறி அறுத்தார். நிலையின் விளிம்புக்குச் சமாந்தரமாக அறுத்திருந்தால் பட்டி பார்க்க நேராக இருக்கும், ஆனால் நார் அதற்குள் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியே வந்துவிடும். வளைக்கும்போது அந்த இடத்தில்தான் கிளம்பும்.

இப்படிக் கோடு பார்த்து அறுத்ததும் அதை எனக்கு விளக்கியதும் முதல் தடவை அல்ல, இரண்டாம் தடவை போனபோது. முதல் தடவை நான் கேட்டது 5 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு பட்டி. அதுவும் என் பென்சில் கோட்டின்படி. அவர் ஏதோ சொல்ல வந்தார். நான்தான் அவசரப்பட்டேன்.

அந்த இரண்டு பட்டிகளையும் ஆவியில் வேக வைத்து வளைப்பது என் திட்டம். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும்; இளகியிருக்கும் ஒரு நிமிடத்துக்குள் வளைத்துக் கட்டிவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. 5 மில்லிமீற்றருக்கு 15 நிமிடம் காணும். கூட்டாளி ஒருவன் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஊறப் போடச் சொன்னான். ஏழு கிணற்றில் எதுவும் குளிக்கிற சூட்டைத் தாண்டாது. தவிர அங்கே சாமி கும்பிட வருகிறவர்களுக்கு நடுவில் நான் பலகை ஊற வைத்தால் என்ன ஆகும் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

மூன்றங்குல பிவிசி குழாயை வாங்கி, ஒரு முனையைத் துணியால் அடைத்து, மறு முனையைக் கேத்திலின் மூக்கில் பொருத்தினேன். பெரிய குழல் பிட்டு. நன்றாகத்தான் ஆவி போனது. பத்து நிமிடத்தில் குழாயே இளகி, நடுவில் தொய்ந்து, உள்ளே இருந்த மரத்தைவிட அழகாக வளைந்தது. பிவிசி கொதிநீராவிக்குத் தாங்காது என்பதை இப்படியும் கற்றுக்கொள்ளலாம். இருந்தாலும் பட்டியை உருவி எடுத்து வளைத்தேன். முக்கால்வாசி வளைந்ததும், ஒரு சின்ன 'டிக்'. நார் வெளியே வந்த இடத்தில், நான் கீறிய நேர்கோட்டைச் சட்டை செய்யாமல், ஒரு நீளச் சிராய் எழுந்து நின்றது. இரண்டாவது பட்டி உடையவில்லை. கட்டி வைத்துவிட்டு அடுத்த நாள் அவிழ்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டது மாதிரி விரிந்து, சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு கை புகும் இடைவெளி விட்டு நின்றது. பல வருடம் நிலையாக நின்று காய்ந்த மரம், பச்சை மரம் மாதிரி ஆவிக்கு இணங்காது.

சரி, ஆவி வேண்டாம். மெல்லிய பட்டிகளை அடுக்கி ஒட்டுவோம். இதில் இரண்டு நன்மை. ஒன்றேகால் மில்லிமீற்றர் பட்டி எந்தச் சூடும் இல்லாமல் கையாலேயே வளையும். இரண்டாவது, எவ்வளவு விரியும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். சம தடிப்புள்ள பட்டிகள் எத்தனையோ, அந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். 4 பட்டி என்றால் 16. வளைத்துக் கட்டி ஒட்டுகிற அச்சிலிருந்து எடுத்ததும் வளைவில் 16 இல் ஒரு பங்கு திரும்பிப் போகும். 3 பட்டி என்றால் 9 இல் ஒரு பங்கு. பட்டி கூடக் கூட விரிவு குறையும்.

அச்சுக்குப் பிளைவூட் வெட்டலாம் என்று இருந்தவன், கொட்டிலுக்குள் தொங்கிய மாமாவின் பழைய 28 அங்குலச் சக்கரத்தைப் பார்த்தேன். அளந்தேன். றிம்மின் வெளி ஆரை 323 மில்லிமீற்றர். அதன்மேல் 5 மில்லிமீற்றருக்கு நான்கு பட்டி. தடிப்பின் நடு ஆரை 325 அல்லது 326. அதை 16 ஆல் பெருக்கி 15 ஆல் பிரித்தால் 347 சொச்சம். உள்பக்கம் 345. என் 26 சக்கரத்தில் காற்றடித்த ரயரின் வெளி ஆரை 330. மிஞ்சுகிற இடைவெளி 15 மில்லிமீற்றர். இதைவிடப் பொருத்தமாக ஒரு அச்சைக் காசு கொடுத்தும் செய்ய முடியாது. கடையில் 28க்கான மட்காட் என்னைக் கைவிட்டது. 28 சக்கரம் கை கொடுத்தது.

இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பு எத்தனை வேண்டும்? பின் மட்காட் 1,100 மில்லிமீற்றர் நீளம். ஒவ்வொரு இரண்டங்குலத்துக்கும் ஒன்று என்றால் இருபதுக்கு மேல். என்னிடம் இருந்தது மூன்று. இதற்கும் சைக்கிளே வழி சொன்னது. பழைய ரியூப்பை நீளவாக்கில் ஓரங்குல நாடாவாக வெட்டி, பட்டிகளின் மேலாகவும் ஸ்போக்குகளுக்கு இடையாகவும் இழுத்து இழுத்துச் சுற்றினால் போதும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றை இன்னும் இறுக்கும். பஞ்சர் கடைகளில் எறிகிற ரியூப்பைக் கேட்டால் சும்மா தருவார்கள், ஏனென்று மட்டும் கேட்பார்கள்.

இரண்டாம் தடவை ஓடாவியாரிடம் போனபோது மரத்தின் கோட்டின்படி பட்டி அறுத்துத் தந்தார். 2 மில்லிமீற்றர் பட்டி, 3 மில்லிமீற்றர் வாள் வெட்டு. எனக்குக் கிடைத்த மரத்தைவிடத் தூளாகப் போனதே அதிகம். அதை ஒன்றேகாலுக்குச் சீவ வேண்டும். இவ்வளவு மெல்லிய பட்டியைப் பலகையில் வைத்துச் சீவுளியைத் தள்ளினால் பட்டி சுருண்டு எழும்பி முறிந்துவிடும். அவர் மாற்றிச் செய்தார். சீவுளியை அவர் இரண்டு கையாலும் அசையாமல் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒன்றேகால் மில்லிமீற்றர் தகரத் துண்டு முட்டுக்கொடுத்திருந்தது. நான் பட்டியை அதற்கு அடியால் இழுத்தேன். மேலால் சீவல் வர, பின்னால் பட்டி வந்தது. முதல் இழுவையில் ஒரு பக்கம் மட்டும் வெட்டும், ஐந்தாவது ஆறாவது இழுவையில் ஒரே நீளச் சுருளாக வரும். அந்தச் சத்தம் வந்தால் தடிப்பு சரி என்று அர்த்தம். உள்ளே மரம் கறுப்பே இல்லை. மங்கிய சிவப்பு, சின்னச் சின்ன வெள்ளைக் கீறலோடு.

வெள்ளை மரப்பசை பூசி ஒட்டினேன். கதிரை, மேசைக்கு எல்லாரும் பாவிக்கிற பசைதான். ரியூப்பை அவிழ்த்தபோது வந்த வளைவு கணக்கோடு ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் பொருந்தியது. வார்னிஸ் அடித்தேன், பூட்டினேன், ஊரெல்லாம் ஓடிக் காட்டினேன். ஆவணியில் ஒரு நாள் இடி மழை. அடுத்த நாள் முழு வெயில், சைக்கிள் முற்றத்தில் நின்றது. பின்னேரம் பார்த்தால் கீழ்முனையில் நான்கு பட்டியும் வாழைத் தடல் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று கழன்று விரிந்திருந்தது. சாதாரண வெள்ளைப் பசை வெயிலில் இளகும், தண்ணீரில் ஊதும். அத்தோடு வளைத்து ஒட்டிய மரம் எப்போதும் நேராகத்தான் பார்க்கும். பசை கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அதற்குக் காணும்.

திருக்கடலூர்ப் பக்கம் பைபர் போட் திருத்துகிற அண்ணை ஒருவரிடம் கேட்டேன். தன்னிடம் இருக்கிற றெசின் தருவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். "இது பொலியெஸ்டர், தம்பி. பைபருக்குப் பிடிக்கும், மரத்தைச் சரியாப் பிடிக்காது. ஒரு நாளைக்கு உரிச்சுக்கொண்டு வரும். நீங்க எப்பொக்சி எடுங்கோ" என்றார். விற்பனைக்கு வைத்திருப்பதை வேண்டாம் என்று சொல்கிற ஆளை எங்கே பார்ப்பது.

எப்பொக்சி இரண்டு போத்தலாக வரும், நான் வாங்கியதற்கு இரண்டுக்கு ஒன்று என்று கலக்க வேண்டும். யோகட் கப் ஒன்றில் நிறையக் கலக்கினேன், ஒரேயடியாக முடிக்கலாம் என்று. நேரம் மத்தியானம் 2 மணி. இரண்டாவது பட்டிக்குப் பூசிக்கொண்டிருக்கும்போது கப் கையைச் சுட்டது. கீழே வைத்தேன். தேன் நிறத்தில் இருந்தது மண்ணிறமாகி, நடுவில் கொதிக்கிற மாதிரி குமிழி வந்து, மெல்லிய புகை கிளம்பியது. கப்பின் அடி உருகி மேசையோடு ஒட்டியது. அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடா பத்துது?" என்றார். ஒன்றும் பத்தவில்லை. எப்பொக்சி இறுகும்போது தானே சூட்டை உண்டாக்கும். கப்புக்குள் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும், இன்னும் சுடும். போட் அண்ணையிடம் திரும்பப் போய்ச் சொன்னதும், "தட்டையான தட்டில ஊத்துங்கோ, விடிய வெள்ளன செய்யுங்கோ" என்றார், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிற மாதிரி.

விடிய ஐந்தரைக்கு, பழைய சோற்றுத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு செய்தேன். எப்பொக்சியைத் தோலில் பட விடக்கூடாது. ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் பிறகு கிட்டப் போனாலே கடிக்கும். றிம்மைப் பொலித்தீனால் சுற்றியிருந்தேன், இல்லாவிட்டால் மட்காட் மாமாவின் சக்கரத்தோடேயே இருந்திருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. ரியூப்பைச் சுற்றச் சுற்ற விளிம்பால் பசை துளித் துளியாகக் கசிந்தது. எல்லா இடத்திலும் கசிந்தால் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று அர்த்தம். அளவு கடந்து இறுக்கினால் பசை முழுக்க வெளியே போய் மூட்டு வறண்டுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும், இது மரப்பசை மாதிரி இல்லை.

சக்கரத்தைப் பழைய பேப்பரால் மூடி வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியப் பேப்பர் இல்லை. எங்கள் ஊர் மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்கும் என்று நினைக்கிறவர்கள் இரவில் ஒருக்கால் வந்து பார்க்கலாம். பேப்பரைத் தின்றுவிட்டு ரியூப் நாடாவின் நுனியையும் ஒரு சப்புச் சப்பியிருந்தது. நல்ல காலம், பசை அதற்குள் இறுகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவிழ்த்தேன். ஆரை 344. முதலில் அச்சை இன்னொரு தடவை அளந்து பார்த்தேன், நம்ப முடியாமல்.

விளிம்பு சீவி, மூலைகளை உருட்டி, 120 இலிருந்து 320 வரை சான்ட் பேப்பர் போட்டது பெரிய கதை இல்லை. ஒன்று மட்டும்: எப்பொக்சித் தூள் மூக்குக்குள் போகக்கூடாது, மாஸ்க் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அகலம் 50 மில்லிமீற்றர். ஆனால் முன் போர்க்கின் கழுத்துக்குள் கம்பிப் பிறேக்கும் மட்காட்டும் சேர்ந்து போக 50 காணாது. பழைய தகர மட்காட்டைப் பார்த்தேன்; அதிலும் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் நெளித்திருந்தார்கள். நான் அரத்தால் இடுப்பு மாதிரி 42 க்கு ஒடுக்கினேன். ரயர் 37 தான் என்பதால் பரவாயில்லை.

போல்ற் போகிற ஓட்டைகளுக்குப் போட்காரர்களின் முறை. 5 மில்லிமீற்றர் போல்ற்றுக்கு முதலில் 8 இல் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 5 இல் துளைக்க வேண்டும். அப்போது போல்ற்றின் பக்கத்தில் மரமே வராது; தண்ணீர் உள்ளே போக வழி இல்லை. பட்டி அடுக்கிய மரம் அழுகத் தொடங்குவது இந்த ஓட்டைகளில்தான். வெளியே எப்பொக்சி ஒரு பூச்சு, அதற்கு மேல் வெயில் தாங்கும் வார்னிஸ் மூன்று பூச்சு. எப்பொக்சியைச் சும்மா வெயிலில் விட்டால் வெளுத்து மாவாகிப் போகும். எல்லாரும் வெளிப்பக்கத்தை மினுக்குவார்கள். நான் உள்பக்கத்துக்கு நான்கு பூச்சு அடித்தேன். அடி வாங்கப் போவது அதுதானே.

கம்பிக்கு 4 மில்லிமீற்றர் ஸ்ரெயின்லெஸ் கோல். வெல்டிங் கடையில் யு வடிவில் வளைத்து வாங்கினேன். மட்காட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ரியூப் துண்டு ஒன்று, அது இல்லாவிட்டால் கிறவல் றோட்டில் கலகலவென்று பல் கூசும். பின் மட்காட் மூன்று இடத்தில் பிடிக்கிறது: பெடலுக்குப் பின்னால், சீற்றுக்குக் கீழே, அப்புறம் அச்சாணிப் பக்கம் கம்பி. முன்பக்கக் கம்பியை மட்டும் வேண்டுமென்றே பலவீனமாகக் கட்டினேன், இரண்டு சின்னக் கேபிள் ரையால். ஒரு தடியோ கல்லோ ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் மாட்டினால் முன் மட்காட் மடிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் ஹாண்டிலுக்கு மேலால் போவார். ரை அறுந்தால் மட்காட் கழன்று போகட்டும், பல் மிஞ்சும்.

இரண்டும் சேர்ந்து அடுப்படித் தராசில் 390 கிராம். பழைய தகரம், துருவில் பாதி உதிர்ந்த பிறகும், அதைவிடக் கூட.

கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை தொடங்கியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மழையை மறிப்பதில் தகர மட்காட்தான் கெட்டிக்காரன். அது குழிவானது, தண்ணீரைப் பீலி மாதிரி உள்ளே பிடித்துக் கீழே கொண்டுபோய் விடும். என்னுடையது தட்டை, தண்ணீர் இரண்டு விளிம்பாலும் சிதறுகிறது. முதுகு நனையவில்லை, சப்பாத்து நனைந்தது. முன் மட்காட்டின் கீழ்முனையில் லொறி ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, தரைக்கு ஆறங்குலம் வரை தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு சப்பாத்தும் ஓரளவு தப்பியது. முதல் கிழமையில் போல்ற்றெல்லாம் ஒரு சுற்றுத் தளர்ந்தது. மரம் வொஷருக்குக் கீழே கொஞ்சம் அமுங்கும். திரும்ப இறுக்கினால் பிறகு பிரச்சினை இல்லை.

மார்கழி முழுக்க நனைந்து, தை வெயிலில் காய்ந்த பிறகு அளந்து பார்த்தேன். பின் மட்காட்டின் நுனி 3 மில்லிமீற்றர் விரிந்திருக்கிறது, அத்தோடு நின்றுவிட்டது. ஒட்டு எங்கேயும் கிளம்பவில்லை. உள்பக்கத்தில், பெடலுக்குப் பின்னால் கீழே, ரயர் எறிந்த மணல் சான்ட் பேப்பர் மாதிரி தேய்த்து, நான்கு பூச்சில் இரண்டைத் தின்றிருந்தது. அந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் திரும்பப் பூசியிருக்கிறேன். வருடா வருடம் பூச வேண்டி வரும் போல.

மாசியில் ஒரு ஞாயிறு கிண்ணியாவுக்குப் போனேன். ஓடாவியார் குனிந்து பின் மட்காட்டைப் பார்த்தார், தடவினார், முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிக் காதைச் சாய்த்தார். பட்டிகளுக்கு இடையில் நகத்தை விட்டுப் பார்த்தார், போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் சீற்றுக்குக் கீழே பிடிக்கிற போல்ற்றை விரலால் அசைத்து, "இதில ஒரு பெரிய வொஷர் போடுங்க" என்றார்.

"சரி நானா."

"அந்த நிலையில மிச்சம் ஏதும் கிடக்கா?"

ஒரு முழம் அளவுக்குத் துண்டு இருக்கிறது என்றேன். அடுத்த தடவை வரும்போது அதைக் கொண்டுவரச் சொன்னார். உளிகளுக்குப் பிடி போட வேண்டுமாம்.